வேண்டுதல் இல்லாத நடை

நெடுந்தூரம் நடந்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் மீது எனக்குப் பல நாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு வழியில் எங்கேயாவது ஞானம் கிடைத்துவிடுகிறது. கால் கொப்புளம் ஆறுவதற்குள் வாழ்க்கை தெளிந்துவிடுகிறது. எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அக்டோபர் தொடக்கத்தில், இத்தாலியின் பொலோஞா நகரத்திலிருந்து ஃபிளாரன்ஸ் நோக்கி, அப்பெனைன் மலையைக் குறுக்காகக் கடந்து தனியாக நடந்தேன். சுமார் 130 கிலோமீட்டர். இத்தாலிக்காரர்கள் இதை 'வியா தெல்யி தேய்', அதாவது தெய்வங்களின் பாதை என்கிறார்கள். பெரும்பாலோர் ஐந்தாறு நாளில் முடித்துவிடுகிறார்கள். போகும்போது என்னிடம் இருந்த குழப்பங்கள் அத்தனையும் திரும்பும்போதும் பத்திரமாக இருந்தன. கூடவே புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. மாதக்கணக்காகியும் அது அடங்காததால் எழுதிப் பார்க்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது என் மாமா. காரைக்குடிப் பக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர், முட்டி தேய்ந்த பிறகும் நிறுத்தாதவர். கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி போனில் விவரம் சொன்னேன். ரயில் எவ்வளவு நேரத்தில் போகும் என்று கேட்டார். சொன்னேன். "ஏண்டா, முப்பத்தேழு நிமிசத்துல போற ஊருக்கு எதுக்கு நடந்து போறே? ஏதும் வேண்டுதலா?" இல்லை மாமா, சும்மாதான். "சும்மா யாராச்சும் மலை ஏறுவாங்களா?" அவர் கிண்டல் செய்யவில்லை. நடப்பது என்றால் என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். அவரைப் பொறுத்தவரை நடைக்கு ஒரு முனையில் கடன் இருக்கிறது, மறுமுனையில் அதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். என் நடையில் இரண்டுமே இல்லை. உடற்பயிற்சி, இயற்கை, மன அமைதி என்று அடுக்கலாம்தான். அதற்கெல்லாம் நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரை ஒட்டியிருக்கும் காடே போதும். ஆக, அவர் கேள்வியை முதுகுப்பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

சான் லூகாவின் பின்வாசல்

பாதை பொலோஞாவின் பெரிய சதுக்கத்தில் தொடங்குகிறது. நகரத்தைத் தாண்டுவதற்குள் வேண்டுதல்காரர்களின் வழி வந்துவிடுகிறது. நகர வாசலிலிருந்து குன்றின் மேலிருக்கும் சான் லூகா மாதா கோயில் வரை கிட்டத்தட்ட 4 கிலோமீட்டருக்குக் கூரை போட்ட தாழ்வாரம், 666 வளைவுகள். 1433-ல் விடாமல் பெய்த மழையை நிறுத்தித் தரும்படி மாதாவின் படத்தை ஊருக்குள் தூக்கி வந்தார்கள், மழை நின்றது என்கிறார்கள். அன்றிலிருந்து வருஷாவருஷம் அவள் கீழே இறங்கி வருகிறாள். அந்த ஊர்வலம் நனையாமல் போய்வரத்தான் 1674-ல் தாழ்வாரம் கட்டத் தொடங்கினார்கள். காலை ஏழரை மணிக்கே அதில் கூட்டம். ஜாகிங் போகிறவர்கள், நாயோடு வந்த பாட்டிகள், உதடு அசைய ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஏறும் ஒரு நடுத்தர வயதுக்காரர். அவர் ஒவ்வொரு வளைவிலும் தூணைத் தொட்டுக்கொண்டே போனார். மாமாவுக்கு அவரைப் புரிந்திருக்கும்.

மேலே வந்ததும் எல்லோரும் கோயிலுக்குள் போகிறார்கள், அல்லது நகரத்தைப் பார்த்தபடி படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஃபிளாரன்ஸ் போகிறவன் கோயிலின் மறுபக்கமாகச் சரிவில் இறங்கி ரேனோ ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். கூரை அங்கே முடிந்துவிடுகிறது. அந்தப் பின்பக்கச் சரிவில் என்னைத் தவிர ஆளில்லை.

பாதையின் பெயரை வைத்து ஏமாற வேண்டாம். அடோனே, மொன்சூனோ, வேனெரே, லுவாரியோ என்று வழியில் வரும் மலை, ஊர்ப் பெயர்களில் அடோனிஸ், ஜூபிடர், வீனஸ், லுவா என்ற பழைய தெய்வங்களின் சாயல் இருக்கிறது, அவ்வளவுதான். வழியில் யாருக்கும் கோயில் கிடையாது. இன்றைய வடிவில் இந்தப் பாதையைக் கோத்தவர்கள் பொலோஞாவைச் சேர்ந்த ஒரு நடைக் குழுவினர். அந்தக் குழுவின் பெயருக்கு அவர்கள் வட்டார மொழியில் 'ரெண்டு எட்டு நடை, ஒரு பெரிய சாப்பாடு' என்று அர்த்தம். எனக்கு உடனே அவர்களைப் பிடித்துப்போயிற்று. பெரிய சாப்பாட்டில்தான் சைவக்காரனுக்குச் சிக்கல். பொலோஞா பக்கம் தோர்தெல்லீனி என்ற பூரணம் வைத்த பாஸ்தாவைக்கூட மாமிச ரசத்தில்தான் மிதக்கவிடுகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் சுடச்சுட திஜெல்லே ரொட்டியைப் பிளந்து உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் முஜெல்லோ பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு அடைத்த தோர்தெல்லி கிடைத்தது. கறிக்குழம்பு வேண்டாம், வெண்ணெயும் சேஜ் இலையும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்கிற அளவுக்கு இத்தாலிய மொழி பழகியிருந்தேன். வேறு எதற்கும் அது போதவில்லை.

எதிரே ஒரு மலை

மோன்தே அடோனே 650 மீட்டர் சொச்சம்தான் உயரம். ஆனால் தெற்கும் மேற்கும் செங்குத்தாக வெட்டி நிறுத்திய மணற்பாறை. ஒரு காலத்தில் இது கடலடி. பாறையில் சிப்பி ஓடுகள் பதிந்திருப்பதை விரலால் தடவிப் பார்க்கலாம். உச்சியில் உட்கார்ந்தால் கீழே செத்தா ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. அதில் நெடுஞ்சாலை, அதில் லாரிகள். நகரங்கள் இரண்டையும் சேர்க்கும் எல்லா அவசரமும் அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. 1934-ல் திறந்த ரயில் பாதை அங்கேதான் போய் 18 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1960-ல் நெடுஞ்சாலை வந்தது. 2009 டிசம்பரில் அதிவேக ரயில் வந்தபோது பள்ளத்தாக்கும் தேவைப்படவில்லை. பொலோஞாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் இடையில் அந்தப் பாதை ஏறக்குறைய 78 கிலோமீட்டர். அதில் 73 கிலோமீட்டர் சுரங்கம். மாமாவின் முப்பத்தேழு நிமிஷம் அதுதான்.

பள்ளத்தாக்குக்கு எதிரே, மேற்கில், மரங்கள் மூடிய ஒரு சாதாரணக் குன்று. மோன்தே சோலே. அதன் பெயர் எனக்கு முன்பே தெரியும். 1944 செப்டம்பர் 29-லிருந்து அக்டோபர் 5 வரை, அந்தக் குன்றின் மேலும் அதைச் சுற்றியும் இருந்த சிற்றூர்களில் ஜெர்மன் நாஜிகளின் எஸ்.எஸ். படை புகுந்து 770 பேர் அளவில் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஆண்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள், தங்களைத்தான் தேடி வருகிறார்கள் என்று நினைத்து. கசால்யா என்ற ஊரில் மாதா கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களை வெளியே இழுத்து, கல்லறைத் தோட்டத்துக்குள் நடத்திக்கொண்டுபோய்ச் சுட்டார்கள். 2007-ல் லா ஸ்பெசியா நகரத்து ராணுவ நீதிமன்றம் முன்னாள் எஸ்.எஸ். வீரர்கள் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் ஆஜராகாமலேயே நடந்த வழக்கு. அதற்குள் எல்லோரும் கிழவர்கள், தங்கள் நாட்டில் வீட்டில் இருந்தார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் அந்த உச்சியில் உட்கார்ந்திருக்கிறேன். அதே பருவம், மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. அதிலிருந்து பெரிய உணர்ச்சி எதையும் கறந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டேன். இந்தப் பாதையில் இன்னும் இரண்டு நாள் நடந்தால் ஃபூட்டா கணவாய் வரும். அங்கே ஜெர்மன் ராணுவத்தின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, இத்தாலியில் இருப்பவற்றிலேயே பெரியது. வழிகாட்டிப் புத்தகம் அதை 'கட்டாயம் பார்க்க வேண்டியது' என்று நட்சத்திரம் போட்டிருந்தது. பார்ப்பதில்லை என்று மோன்தே அடோனேயில் வைத்தே முடிவு செய்தேன். எதிர்க் குன்றில் செத்தவர்களுக்கு நட்சத்திரம் இல்லாத புத்தகத்தில், இவர்களுக்கு எதற்கு?

மண்வெட்டி எடுத்துப்போன இருவர்

மொன்சூனோ, பிறகு மடோன்னா தெய் ஃபொர்னெல்லி. அதற்கு மேல் காற்றாலைகள், அதற்கு மேல் பீச் மரக் காடு. தனியாக நடப்பதில் மூன்றாவது நாள்தான் விசித்திரமானது என்று கேள்விப்பட்டிருந்தேன், எனக்கு முதல் நாளே விசித்திரமாகத்தான் இருந்தது. பேச ஆளில்லாததால் தமிழில் சத்தமாகப் பேச ஆரம்பித்திருந்தேன். பெரும்பாலும் வசவுகள், ஏற்றத்தை நோக்கி. காட்டுப்பன்றி வேட்டைக் காலம் வேறு. ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஆட்கள் துப்பாக்கியும் நாய்களுமாகப் பாதையோரம் நின்றார்கள். சருகுகளுக்கிடையே பழுப்பு நிறத்தில் அசைந்து வருகிற ஒரே மனிதன் நான்தான் என்பது உறைத்தபோது, பையிலிருந்த மஞ்சள் மழைச்சட்டையை எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து ஒரு வேட்டைக்காரர் தொப்பியைத் தொட்டு ஆமோதித்தார்.

இந்தக் காட்டுக்குள் ஒரு கல் சாலை இருக்கிறது. கி.மு. 187-ல் ரோமின் தலைமை ஆட்சியாளர்களில் ஒருவரான கன்சல் கயஸ் ஃபிளாமினியஸ் பொலோஞாவிலிருந்து அரெட்சோ வரை ஒரு சாலை போட்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்திருக்கிறார். அது எந்த வழியாகப் போனது என்பது மறந்துபோயிற்று. மலையூரைச் சேர்ந்த ஃபிராங்கோ சாந்தி, சேசரே அகோஸ்தீனி என்ற இருவர், தொல்லியல் படித்தவர்கள் அல்லர், 1970-களின் இறுதியில் மண்வெட்டியோடு காட்டுக்குள் போய்த் தேடத் தொடங்கினார்கள். 1979-ல் சருகும் மண்ணும் மூடிக் கிடந்த தளக்கற்கள் அகப்பட்டன. பிறகு ஆண்டுக்கணக்காக அடுத்தடுத்த துண்டுகளைத் தோண்டினார்கள். இது ரோமச் சாலைதான் என்பது அவர்கள் கட்சி. இடைக்காலத்தில் போட்ட சாலையாக இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். சண்டை முடிந்தபாடில்லை.

கற்களின் மேல் நடந்தபோது எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் போய்விட்டது. யார் போட்டிருந்தாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: சாலை மலை முகட்டின் மேலேயே ஓடுகிறது. பள்ளத்தாக்கில் வெள்ளம் வரும், சரிவில் மண் சரியும், தாழ்வான இடத்தில் எதிரி மேலிருந்து அடிப்பான். மலை குறுக்கே நிற்கிறது என்றால் அதன் முதுகில் ஏறி நடந்துபோவது என்பதுதான் அந்தக் காலத்து யோசனை. பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் கீழே இறங்கினார்கள். முகட்டிலிருந்து சரிவுக்கு, சரிவிலிருந்து பள்ளத்தாக்குக்கு, பள்ளத்தாக்கிலிருந்து மலையின் வயிற்றுக்குள். இறங்க இறங்க வேகம் கூடியது, வழியில் பார்க்கக் கிடைப்பது குறைந்தது. இதைச் சொல்லிப் புலம்ப நான் தயாராக இல்லை. அதிவேக ரயில் எனக்கும் பிடிக்கும். பள்ளத்தாக்கு வழியாக ஐந்து மணி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த தலைமுறையிடம் போய் 'முகட்டில் நடந்தால் எவ்வளவு அழகு தெரியுமா' என்று சொல்கிற துணிச்சல் எனக்கில்லை.

ஃபூட்டா

ஃபூட்டா கணவாய் 903 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய மலைச்சாலை அங்கே கடக்கிறது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்தமான வளைவுகள், அதனால் ஆளே இல்லாத காட்டிலிருந்து வெளியே வந்தவுடன் காதில் அறைவது எஞ்சின் சத்தம். நான் வந்த நாளில் காற்று வேறு. மேகம் சாலையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. உட்கார ஒதுக்கிடம் தேடினால் கண்ணில் பட்டது ஒரே ஒரு கற்சுவர்தான். அது கல்லறைத் தோட்டத்தின் சுவர். பார்ப்பதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை, சுவரடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் உள்ளே நுழைந்தேன்.

இதை வடிவமைத்தவர் டீட்டர் எஸ்டர்லன் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர். 1969-ல் திறந்தார்கள். போரின்போது அங்கங்கே புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுத்து வந்து இந்தக் குன்றில் சேர்த்திருக்கிறார்கள், 30,683 பேர். குன்றின் அடிவாரத்திலிருந்து ஒரு சுவர் சுருளாகச் சுற்றிச் சுற்றி ஏறி, உச்சியில் முறிந்த இறக்கைபோல் வானத்தை நோக்கிக் கூராக நிற்கிறது. சிலுவைகள் வரிசை வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. எல்லாக் கல்லும் புல்லோடு படுத்த சாம்பல் நிறக் கல். தூரத்திலிருந்து பார்த்தால் கல்லறையே தெரியாது, வெறும் புல்வெளி. கிட்டே போய்க் குனிந்தால்தான் பெயர். ஒரு கல்லுக்கு இரண்டு பேர்.

உட்கார்ந்த இடத்தில் என் காலடியில் இருந்த கல்லில் பெயரைப் படித்தேன், பக்கத்துக் கல்லில் படித்தேன், அடுத்ததில் படித்தேன். ஹூபர். ஃபோகல். க்ராஸ். பெக்கர். எங்கேயோ வரிசையாகப் படித்த பெயர்கள். எங்கே என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜெர்மனியில் அடுக்குமாடிக் கட்டட வாசலில் அழைப்பு மணிப் பலகை இருக்கும். வீட்டு எண் இருக்காது, குடியிருப்பவர்களின் குடும்பப் பெயர்தான் இருக்கும். சாவியை மறந்த நாட்களில், பார்சல் வாங்கப் போகும்போது, புதுக் கூரியர் பையனுக்கு வழி சொல்லும்போது என்று ஆண்டுக்கணக்காக நான் படித்துக்கொண்டிருக்கும் பலகை. மேலிருந்து மூன்றாவது பெக்கர், எனக்காகப் பார்சலை வாங்கி வைத்துக்கொள்கிறவர். அவருக்குக் கீழே ஃபோகல், ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் போட்டால் கதவைத் தட்டுகிறவர். அதற்கும் கீழே என் பெயர், பலகையில் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டு.

இதுவரை நான் இந்த ஆட்களை 'ஜெர்மன் படை' என்ற ஒரே பெயரில் வைத்திருந்தேன். கோபப்பட அது வசதியாக இருந்தது. பெக்கர் என்று எழுதியிருக்கும் கல்லின் மேல் அந்தக் கோபத்தை இறக்கிவைக்க முடியவில்லை. அதே நேரத்தில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. பிறந்த வருஷம் 1925 என்று ஒரு கல், 1926 என்று ஒரு கல். பதினெட்டு, பத்தொன்பது வயது. சரி, பாவம், பையன்கள் என்று மனம் இளகத் தொடங்கும்போதே மோன்தே சோலேயில் துப்பாக்கியைப் பிடித்தவர்களிலும் அந்த வயதுக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்பது குறுக்கே வந்து நிற்கும். அங்கே செத்த குழந்தைகளுக்குப் பத்தொன்பது வயது வரவேயில்லை. படுத்திருக்கும் கல்லைப் பார்த்து இவன் யார், என்ன செய்தான் என்று எதையும் சொல்லிவிட முடியாது. பெயரே தெரியாத வீரன் என்று மட்டும் எழுதிய கற்களும் நிறைய.

எஸ்டர்லன் செய்திருக்கும் காரியம் என்னவென்றால், நின்ற இடத்தில் நின்று மொத்தத்தையும் பார்த்துவிட்டுப் போக வழியே வைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கற்கள், புதுப் பெயர்கள். ரொட்டி தின்ன வந்த நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். ஒருமுறை ஆரம்பித்தால் பாதியில் நிற்க முடியாத மாதிரி ஏதோ இருக்கிறது அந்த ஏற்றத்தில். கீழே மோட்டார் சைக்கிள்கள் வளைவுக்கு வளைவு கியர் மாற்றிக்கொண்டிருந்தன. உச்சியை அடைந்தபோது மேகம் மூடியிருந்தது. முஜெல்லோ பள்ளத்தாக்கின் முழுக் காட்சியும் தெரியும் என்று புத்தகம் சொன்னது, எனக்குச் சுவர்கூட முழுதாகத் தெரியவில்லை.

இந்தக் கணவாய் 'கோதிக் கோடு' என்று பெயர் பெற்ற ஜெர்மன் தற்காப்பு வரிசையில் முக்கியமான இடம். ஃபூட்டாவை அவர்கள் பலமாகக் கட்டி வைத்திருந்ததால், அமெரிக்கப் படைகள் 1944 செப்டம்பரில் கிழக்கே ஜோகோ கணவாய் வழியாகப் பிளந்துகொண்டு வந்தன. அதற்கும் கிழக்கே இருந்த மலைகளில் எட்டாவது இந்தியப் படைப்பிரிவு ஏறிக்கொண்டிருந்தது. இத்தாலியப் போரில் செத்த இந்திய வீரர்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். நம் ஊரில் அவர்களைப் பற்றிப் பேசுகிற ஆளைப் பார்ப்பது அரிது, நம்மை ஆண்ட வெள்ளைக்காரனின் படையில் போரிட்டவர்கள் என்பதால் இருக்கலாம். ஃபூட்டா அந்த மாதமே வீழ்ந்தது. பொலோஞா விடுபட்டது 1945 ஏப்ரல் 21-ல். நடுவில் ஏழு மாதம். மழை, சேறு, பனி. நான் மோன்தே அடோனேயிலிருந்து புறப்பட்டுக் கொறித்துக்கொண்டும் புலம்பிக்கொண்டும் இரண்டு நாளில் நடந்து வந்த அதே தூரத்தை, எதிர்த்திசையில் கடக்க ஒரு மாபெரும் ராணுவத்துக்கு ஏழு மாதம் பிடித்திருக்கிறது. ரயிலுக்கு அது பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும்.

மாமாவுக்கு அங்கிருந்தே போன் செய்யலாமா என்று தோன்றியது. சிக்னல் இருந்தது. ஆனால் என்ன சொல்வது? ரயிலில் போயிருந்தால் மோன்தே சோலேயும் தெரிந்திருக்காது, ஃபூட்டாவும் தெரிந்திருக்காது, இரண்டும் ஒரே சுரங்கத்தின் இருட்டுக்கு வெளியே எங்கேயோ இருந்திருக்கும். காரில் வந்திருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பேன், மோன்தே சோலேக்குப் போய்த் தலைகுனிந்துவிட்டு ஃபூட்டாவைத் தாண்டிப் போயிருப்பேன். என் முடிவும் அதுதானே. நடந்து வந்ததால் இரண்டுக்கும் நடுவிலிருந்த காட்டையும் ஏற்றத்தையும் இரண்டு இரவுகளையும் காலால் கடந்து, முதலாவதை மறக்க நேரமில்லாமல் இரண்டாவதற்குள் வந்து விழுந்தேன். ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளிவிட முடியவில்லை. இதைப் போய் ஒரு பலன் என்று மாமாவிடம் சொன்னால், 'இதுக்கா அவ்வளவு தூரம் நடந்தே?' என்பார். போன் செய்யவில்லை.

அடியில் போன தண்ணீர்

ஃபூட்டாவுக்குத் தெற்கே பாதை செஸ்ட்நட் தோப்புகளின் வழியே இறங்குகிறது. முஜெல்லோவின் செஸ்ட்நட் பேர்போனது. ஒரு காலத்தில் அந்த மாவுதான் மலைக்காரர்களின் சோறு. தரையெல்லாம் முள்ளுருண்டைகள் வெடித்துக் கிடந்தன. கோதுமை விளையாத மலையில் பல தலைமுறைகளைக் காப்பாற்றிய மரங்கள், இப்போது பொறுக்க வருபவர்களில் பாதிப் பேர் வார இறுதிக்கு வந்த நகரத்துக்காரர்கள்.

முஜெல்லோவில் தண்ணீர் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் சுரங்கத்துக்கு வந்து நிற்கும். அதிவேக ரயிலுக்காக மலையைக் குடைந்தபோது நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் வடிந்து போயிற்று. நீர்மட்டத்துக்குக் கீழே குடைந்தால் சுரங்கமே வடிகால் ஆகிவிடும், மேலே ஊற்றுக்கண் வற்றிவிடும், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பல ஓடைகள், ஊற்றுகள், கிணறுகள் வறண்டன. ஃபிளாரன்ஸ் நீதிமன்றங்களில் வழக்கு ஆண்டுக்கணக்காக இழுத்தது. ஒரு மலையூர்க் கடையில் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்த அம்மாள், எனக்குப் புரிகிற வேகத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: தன் அப்பா வீட்டு ஊற்று ஒரு கோடையில் நின்றது, திரும்ப வரவேயில்லை. சொல்லிவிட்டு, தன் மகள் பொலோஞாவில் வேலைக்கு அந்த ரயிலில்தான் போகிறாள் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். குரலில் புகார் இல்லை. நான்தான் அந்த இரண்டு வாக்கியங்களையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தேன்.

அதற்குப் பிறகு வழியில் வறண்ட ஓடையைப் பார்க்கும்போதெல்லாம் நின்றேன். சுரங்கம் குடித்த ஓடை எது, கோடையில் தானாகக் காய்ந்த ஓடை எது என்று நடந்துபோகிறவனுக்குத் தெரியாது. கூழாங்கற்கள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் கிடக்கின்றன. மாமாவின் கேள்விக்கு ஒரு பதில் இங்கே தயாராகிக்கொண்டிருந்தது, ஆனால் அது நான் விரும்பிய பதில் இல்லை. முப்பத்தேழு நிமிஷம் இலவசம் இல்லை, யாரோ ஊற்றுநீரில் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். நடந்தால் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். பார்த்து என்ன ஆகப்போகிறது? ஊற்று திரும்பாது. நானும் ரயில் ஏறுவதை விடப்போவதில்லை.

சான் பியரோ ஆ சியெவேயில் தங்கி, மறுநாள் மோன்தே செனாரியோ மடத்துக்கு ஏறினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸின் வணிகக் குடும்பத்துக்காரர்கள் ஏழு பேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து தொடங்கிய துறவு மடம். இப்போது ஃபிர் மரத்து மணத்தோடு ஒரு மதுவும் தயாரிக்கிறார்கள். குடித்துப் பார்த்தேன். இருமல் மருந்துக்கு நெருங்கிய உறவு. மடத்து மதில் மேலிருந்து முதன்முறையாக ஃபிளாரன்ஸின் பெரிய குவிமாடம் தெரிகிறதா என்று ஒரு ஜோடி விவாதித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மழை மேகம்.

ஃபியெசோலேக்கு வந்து சேரும்போது கொட்ட ஆரம்பித்திருந்தது. ரோமர்களுக்கு முந்தைய எட்ருஸ்கர்கள் கட்டிய மதிலும் ரோம நாடக அரங்கமும் உள்ள பழைய குன்றூர், ஃபிளாரன்ஸுக்கு நேர் மேலே. பாதையின் கடைசித் துண்டு இங்கிருந்து நகரத்துக்குள் இறங்குகிறது: இரு பக்கமும் பணக்கார வீடுகளின் உயர்ந்த மதில், நடுவே ஒரு கார் போகிற தார்ச்சாலை, கார் வந்தால் மதிலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சதுக்கத்தில் 7-ஆம் எண் பேருந்து எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. அது நேராகக் கீழே நகரத்துக்குள் போகும். என்னோடு வழியில் அவ்வப்போது எதிர்ப்பட்ட இத்தாலிய இளைஞர்கள் மூவர் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். கையெழுத்தும் முத்திரையும் வாங்கும் அட்டை வைத்திருந்தவர்கள், கடைசி முத்திரைக்கு நேர்மையாகப் போக வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

பழனி அடிவாரத்தில் மழை வந்தால் மாமா பஸ் ஏறமாட்டார். அவரால் முடியாது, கணக்கு வைத்திருக்கிற ஆள் மேலே உட்கார்ந்திருக்கிறான். என் கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் முகட்டிலும் காட்டிலும் ஃபூட்டாவின் சுருள் சுவரிலும் இருந்தது, பணக்காரர்களின் மதில் சுவர்களுக்கு இடையில் அதில் எதுவும் மிச்சமில்லை. புகையிலைக் கடையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளோடு நின்றபடி, முதுகுப்பையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இருபது நிமிஷத்தில் சான் மார்கோவில் இறங்கினேன். வழியில் முதல் வளைவிலேயே அந்த மூன்று பேரையும் தாண்டினோம். அதில் ஒருவன் என்னை ஜன்னலில் பார்த்துவிட்டுக் கையை விரித்தான், நான் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன்.